கணினியில் நான் அழித்த ஊர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். ஓசூரில், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே லேத் பட்டறை. அவர்கள் இரும்பைக் கடையத் தொடங்கினால் எங்கள் மேஜைமேல் இருக்கும் பென்சில் தானாக உருளும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் திருச்சி. வேலைக்காக இங்கே வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

என் வேலை என்னவென்று சொன்னால் அந்தக் காலத்தில் யாருக்கும் சட்டென்று புரியாது. அரசாங்கத்தின் குடிநீர்த் திட்டத்துக்காக அந்தப் பகுதியில் உள்ள ஊர்களை எல்லாம் ஒரு கணினி வரைபடத்துக்குள் கொண்டுவர வேண்டும். எந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே கிணறு உண்டா, அடிபம்பு உண்டா, எத்தனை வீடு என்பதெல்லாம் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டால் தெரிய வேண்டும். அந்த ஏற்பாடு முழுவதையும் வடிவமைக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டுக்காரம்மா அக்கம்பக்கத்தில் என்னை, "கம்ப்யூட்டர்ல ஊரு வரையுற பொண்ணு" என்று அறிமுகப்படுத்துவார். அதைவிடச் சுருக்கமாக எனக்கே சொல்லத் தெரியாது.

வரைவது சுலபமாக இருந்தது. பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தின. வருவாய்த் துறையின் பட்டியலில் ஓர் ஊர் ஒரு பெயரில் இருக்கும். பஞ்சாயத்துப் பட்டியலில் வேறு பெயர். பழைய நில அளவை வரைபடத்தில் மூன்றாவதாக ஒன்று. கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி அல்லவா, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே ஒரே தெருவில் புழங்கும். தமிழில் 'புதூர்', தெலுங்கில் 'கொத்தூர்', கன்னடத்தில் 'ஹொசஹள்ளி' எல்லாம் ஒரே அர்த்தம்தான். புதிய ஊர். ஓசூர் என்ற பெயருக்கே அதுதானே அர்த்தம்!

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே பஞ்சாயத்துக்குள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே அர்த்தமுள்ள இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டும் ஒரே ஊர் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றை நீக்கிவிடும்படி கணினிக்கு ஒரு விதி எழுதினேன். ஒரு மதியத்துக்குள் பட்டியல் மடமடவென்று இளைத்துவிட்டது. மறு மாதம் தர்மபுரியில் நடந்த கூட்டத்தில் இதை விளக்கிச் சொன்னேன். பெரிய அதிகாரிகள் எல்லோரும் இருந்தார்கள். "இத்தனை நாள் இல்லாத ஊருக்கெல்லாம் திட்டம் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பாராட்டினார்கள். அன்று மாலையே அப்பாவுக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலை வைத்துத்தான் அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறு போட வேண்டிய ஊர்களை முடிவு செய்தார்கள்.

ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும். நீலநிறக் கம்பெனிக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மாடியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். நெற்றியில் தலையுறையின் தடம் அப்படியே இருந்தது.

"எங்க ஊரு பேரு லிஸ்ட்டுல இல்லீங்க மேடம். பஞ்சாயத்துல கேட்டா, ஓசூர் கம்ப்யூட்டர் ஆபீசுல எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க" என்றார்.

ஊர் பெயர் கேட்டேன். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு புதூர். எனக்கு உற்சாகமாகிவிட்டது. விளக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டாரே! அவரை உட்கார வைத்து, திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இதோ பாருங்க, உங்க ஊரு பத்திரமா இருக்கு. கொத்தூர்ங்கற பேர்ல இருக்கு. உங்களுக்கு அடிபம்பும் போட்டாச்சு."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "அது கொத்தூருங்க. நாங்க புதூரு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. தெலுங்குல கொத்தூர்னா தமிழ்ல புதூர்."

"பேரு ஒண்ணா இருந்தா ஊரும் ஒண்ணாயிருங்களா?" என்று சிரித்தார். "எங்க லைன்ல ஒரே பேருல மூணு பேரு இருக்கறோம். ஒருத்தி லீவு போட்டா மூணு பேருக்கும் ஆப்சென்ட் போடுவாங்களா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய நில அளவை வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அதில் அந்த இடத்தில் ஒரே ஓர் ஊர்தான் இருந்தது. அச்சடித்த சாட்சி. அதற்குமேல் அவர் என்ன சொல்ல முடியும்? "ஒருவாட்டி நீங்க வந்து பாத்துட்டுப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். பார்க்கலாம் என்றேன். போகவேண்டும் என்று துளியும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அவர் படியேறும்போதே சன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. முக்கால் மணி நேரம் அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது கம்பெனியில் வீசியெறிந்த ஏதோ அட்டவணைத் தாள். பின்பக்கம் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். நடுவில் ஒரு பாறைக் குன்று. குன்றுக்கு அந்தப் பக்கம் கொத்தூர், இந்தப் பக்கம் புதூர். இடையில் ஒரு ஓடை. கொத்தூர் முனையில் அடிபம்பு. தன் வீட்டிலிருந்து பம்பு வரை ஒரு கோடு போட்டு, அதன்மேல் எத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும் என்று எண்ணி எழுதியிருந்தார். ஆயிரத்துக்கு மேலே இருந்தது. கீழே ஒரு வரி: 'கொடத்தோட திரும்புறப்ப ஏத்தம்.'

அளவுகோல் கிடையாது, திசை கிடையாது. எங்கள் படிப்பில் அதற்கு மதிப்பெண்ணே விழாது. ஆனால் என் வரைபடத்தில் அந்த ஏற்றம் இல்லை. அந்த ஓடையும் இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் ஜீப் டிரைவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் ராயக்கோட்டைக்காரர். "அண்ணே, புதூரும் கொத்தூரும் ஒரே ஊருதானே?"

"யாருங்க சொன்னது? கொத்தூர்க்காரங்க தெலுங்கு பேசறவங்க. புதூர்ல எல்லாம் தமிழாளுங்க. கல்லு ஒடைக்க வந்து அப்பிடியே தங்கிட்டவங்க. நடுவுல பாறக் கரடு இருக்குதுங்களே!"

"இத்தன நாளா சொல்லவே இல்லியே?"

"நீங்க ரோடு எப்பிடின்னுதான மேடம் கேப்பீங்க" என்றார்.

அன்றைக்கே கிளம்பினோம். தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். கொத்தூரோடு பாதை முடிந்தது. பம்படியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். தெலுங்கில் விசாரித்தார்கள். புதூருக்குப் போக வேண்டும் என்று டிரைவர் சொன்னதும் குன்றைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையைக் கைகாட்டினார்கள். அங்கிருந்து நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. முள்ளும் சரளையுமாக ஏற்றம். ஒரு கட்டத்தில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குன்றுக்கு அந்தப் பக்கம் திரும்பியதும் ஊர் தெரிந்தது. ஓட்டு வீடுகள், கூரை வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி சுண்ணாம்படித்த சின்ன ஜெபவீடு. கயிற்றில் துணி காய்ந்தது. எங்கோ ரேடியோ பாடியது. என் கணினி இல்லை என்று சொன்ன ஊர், யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு இருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துப் போனோம். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். அவருடைய அண்ணி பதறிப்போய் நாற்காலி தேடி ஓடினார். எனக்குக் காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் உப்பு. வாசல் ஓரம் மூடி வைத்திருந்த ஒரு குடம் கண்ணில் பட்டது. திருச்சியில் எங்கள் வீட்டில் வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தில் யோசிக்கவே இல்லை. மூடியைத் திறந்து, பக்கத்தில் இருந்த சொம்பால் மொண்டு மொண்டு முகம் கழுவினேன். காலுக்கு ஊற்றினேன். எரிச்சலாக இருந்த பாதத்துக்கு இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினேன். சுகமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஈரமாகிப்போன மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்காலியோடு வந்த அண்ணி, அதைக் கீழே வைத்தார். குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பரவால்லீங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை உள்ளே ஒரு பாத்திரத்தில் சாய்த்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்பினார். வீட்டில் அன்றைய சமையலுக்கும் குடிக்கவும் இருந்த தண்ணீர் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். "நான் கொண்டாரேங்க."

"ஐயோ, வேணாங்க. உங்களுக்குப் பழக்கமிருக்காது."

விடவில்லை. அவரும் கூடவே வந்தார். இறக்கத்தில் வெறும் குடத்தோடு கதை பேசிக்கொண்டு இறங்கிவிட்டேன். பம்படியில் கொத்தூர்ப் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். அவர்கள் பிடித்து முடித்தபின் புதூர்க்காரர்கள் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "பம்பு ரிப்பேர் ஆயிட்டா அவுங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்லீங்க. அப்பத்தான் சண்ட வரும்" என்றார் அண்ணி.

திரும்பி வந்ததைத்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சரளை ஏற்றத்தில் ஐம்பது எட்டு வைத்து ஏறியிருப்பேன். இடுப்பு கழன்றது. மூச்சு வாங்கியது. மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். பாதி தண்ணீர் என் புடவையில் போய்விட்டது. கடைசி ஏற்றத்தில் அண்ணி குடத்தை என்னிடமிருந்து லேசாக வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்து போனார். ஊர்ப் பெண்கள் என் நனைந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் எங்கள் திட்ட அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஒரு ஊரை மட்டும் தனியா சேர்த்துடும்மா. விதி தப்புன்னு வெளியில சொல்லாத. லிஸ்ட்டு சென்னைக்கே போயாச்சு. இப்ப தப்புன்னா நாம செஞ்ச மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க. இனிமே எவனும் கம்ப்யூட்டரை நம்ப மாட்டான்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதுதான் சௌகரியமாகப் பட்டது. ஆனால் ஒரு புதூர் போயிருக்கிறது என்றால், அந்த விதி விழுங்கியது அது ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? அந்த ஊர்களிலிருந்து யாரும் மாடியேறி வராததால் மட்டும் அவை இல்லை என்று ஆகிவிடுமா?

நீக்கப்பட்ட பெயர்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு, டிரைவரையும் அந்தந்த ஊர்த் தலையாரிகளையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரும்பாலானவை உண்மையிலேயே ஒரே ஊர்தான். அந்த மட்டும் என் மூளை வேலை செய்திருந்தது. ஆனால் புதூரோடு சேர்த்து ஒன்பது ஊர்கள் அப்படி இல்லை. ஒன்பது ஊர்களை மேஜையில் உட்கார்ந்தபடி அழித்திருந்தேன்.

அடுத்த கூட்டம் தர்மபுரியில். நான் பாராட்டு வாங்கிய அதே அறை. என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். "போன கூட்டத்தில் இல்லாத ஊர்களை நீக்கிவிட்டதாகச் சொன்னேன். அவற்றில் ஒன்பது ஊர்கள் உண்மையிலேயே இருக்கின்றன. தப்பு என்னுடையது" என்றேன். அதை எப்படிச் சொல்லி முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை. எங்கள் அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டத்தை நடத்திய கலெக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யார் கண்டுபிடிச்சது?"

"புதூர்ல இருந்து கம்பெனி வேலைக்கு வர்ற ஒரு அம்மா, சார். ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டாவது தடவை நான் அவங்களைப் பார்க்கவே இல்ல."

கடைசி வரியைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஏனோ வாயில் வந்துவிட்டது.

கலெக்டர் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "கிணறு போடற போர் வண்டி இன்னும் ரெண்டு வாரம் இந்தப் பக்கம்தான் இருக்கும். அதுக்குள்ள ஒன்பதையும் போய்ப் பார்த்துட்டு எழுதிக் கொடுங்க. நீங்களே போகணும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த துறையைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த இரண்டு வாரம் நான் பார்த்த ஊர்களும் நடந்த நடையும் தனிக்கதை. புதிதாக வாங்கிய செருப்பும் போயிற்று.

புதூருக்குப் போர் வண்டி வந்த அன்று அந்தப் பெண் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான்தான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். "அன்னிக்கு நான் உள்ளேதாங்க இருந்தேன். மீட்டிங் எதுவும் இல்ல" என்று சொன்னேன்.

"தெரியுங்க" என்றார். "சன்னல்ல உங்க சேல தெரிஞ்சுது."

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைத்தார்.

முதலில் குறித்த இடத்தில் வெறும் வெள்ளைப் பாறைத்தூள்தான் புகையாக எழுந்தது. எவ்வளவு ஆழம் போயும் ஈரமே இல்லை. வண்டிக்காரர்கள் கையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தடி நீர் பார்க்க வந்திருந்த பொறியாளர் குன்றின் அடியை ஒருமுறை சுற்றி வந்து, கீழ்ப்பக்கம் இன்னொரு இடத்தைக் காட்டினார். இன்னொரு முறை முயன்று பார்க்க வண்டிக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது டிரைவர் அண்ணன்தான். அவர்களிடம் கன்னடத்தில் என்ன சொன்னாரோ தெரியாது.

இரண்டாவது இடத்தில் மாலை நாலு மணிவாக்கில் தூள் கறுத்தது. பிறகு சேறு. பிறகு, எதிர்பார்க்காத ஒரு நொடியில், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஜெபவீட்டுப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணி என்னைத் தேடி வந்து, இரண்டு கையாலும் அந்தச் சேற்றுத் தண்ணீரை அள்ளி என் காலில் ஊற்றினார். "இப்ப எவ்ளோ வேணாலும் கழுவுங்க" என்றார். ஊரே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதே இல்லை.

மறுவாரம் அந்தப் பெண்ணை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். புதூருக்கு வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பெரிய சாய்வு மேஜைமேல், குன்றையும் ஓடையையும் புதிதாக வரைந்து சேர்த்த வரைபடத்தை விரித்து, எலி மாதிரி ஒரு கருவியை நகர்த்தி, அதன் கண்ணாடியில் உள்ள கூட்டல் குறியைச் சரியான இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். எனக்கு எப்போதும் கை ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். அவர் கம்பெனியில் நாள் முழுவதும் லென்சுக்குக் கீழே மெல்லிய கம்பிகளை ஒட்டுகிறவர். குன்றையும் ஓடையையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, "இங்கதானுங்க" என்று ஒரே அழுத்து அழுத்தினார். அசையவே இல்லை. திரையில் ஊர் வந்தது. பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவரே அடித்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

எங்கள் அதிகாரி என்னோடு மறுபடி பேசச் சில வாரங்கள் ஆயின. பிறகு அவரே புதிய அதிகாரிகளிடம் புதூர் கதையைச் சொல்லத் தொடங்கினார். பட்டியலைத் தவறென்று நாங்களே சொன்னதால் யாரும் கணினியை நம்பாமல் போகவில்லை. பக்கத்து வட்டங்களில் இருந்துகூட, தங்கள் பட்டியலையும் சரிபார்த்துத் தரும்படி கேட்டு வந்தார்கள்.

அதன்பிறகு எத்தனையோ அரசுத் திட்டங்களுக்கு வரைபட ஏற்பாடுகள் செய்துவிட்டேன். ஊர், சாலை, காடு, பள்ளிக்கூடம் என்று இடங்கள் மாறின, கருவிகள் மாறின. நான் வடிவமைக்கும் எதிலும் ஒரு கட்டம் மட்டும் கட்டாயம் இருக்கும்: 'நேரில் பார்த்தவர்.' அதை நிரப்பாமல் ஒரு புள்ளியைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. இது எதற்கு, வேலை தாமதமாகிறதே என்று இளைய பொறியாளர்கள் சலித்துக்கொள்வார்கள். என் மேஜையில் தெரியாத ஓர் இடத்தில் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு நிரந்தரமாக வந்துவிட்டது; அந்த நினைப்பு இருக்கும் வரைதான் இந்த வேலையைச் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.